ம்லேகோ, ம்லீகோ, பால்

எங்கள் பெங்களூர்த் தொழிற்சாலையில் புது இயந்திரம் பூட்ட யூகோஸ்லாவியாவிலிருந்து இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். இருவருக்கும் தாய்மொழி குரோவாசிய மொழிதான். ஆனால் கேன்டீனில் பால் கேட்கும்போது ஸாக்ரெப் பக்கத்து ஸ்டெபான் ‘ம்லேகோ’ என்கிறார். தீவுக்காரரான ஆன்டே ‘ம்லீகோ’ என்கிறார். ‘என்ன?’ என்பதற்கு அவருக்குக் ‘காய்’, இவருக்குச் ‘சா’. பரிமாறும் கன்னடக்காரர் ‘ஹாலு’ என்று சொல்லி இருவருக்கும் ஒரே பாலை ஊற்றிவிட்டுப் போகிறார். ஆன்டே வாய் திறந்தால் போதும், ஸ்டெபான் அதை இழுத்துச் சொல்லிச் சிரிப்பார். ஒன்றும் புரியாமலே நானும் சேர்ந்து சிரிப்பேன்.

திருநெல்வேலியில் இதை வாசிக்கிற உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் இங்கே உங்களைப் போலப் பேசுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘என்ன சொல்லுதிய?’ என்று கேட்டதும் கூட வேலை செய்த வேலூர்க்காரர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகித் தொம்மலூருக்கு வந்த என் மனைவி செண்பகம் மட்டும் ஊர்ப் பேச்சை விடவில்லை. வீட்டுக்குள் வந்த பிறகுதான் எனக்கும் நாக்கு இளகும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த இருவரையும், என்னோடு வேலை செய்யும் ஏழுமலையையும் சாப்பிட அழைத்திருந்தேன். காபி வந்ததும் ஆன்டே பால் கேட்டார். ஸ்டெபான் வழக்கம்போல் இழுத்துக் காட்டினார். ஆன்டேயின் காது சிவந்துவிட்டது. செண்பகத்துக்குப் பொறுக்கவில்லை. பால் செம்போடு வந்து நின்றாள்.

“எதுக்கு அண்ணாச்சி வெக்கப்படுதிய? நல்லாக் குடிங்க.”

ஏழுமலை தொடையில் தட்டிச் சிரித்தான். “இன்னா அண்ணி, தொர உங்களுக்கு அண்ணாச்சியா? ‘வெக்கப்படுதிய’ன்னா இன்னா தமிழு அது?”

“பட்டிக்காடுப்பா, இன்னும் திருந்தல. கண்டுக்காதே” என்று நானும் சிரித்தேன். விருந்துக்கு வந்தவர்களில் சிரிக்காதவர் ஆன்டே ஒருவர்தான். தமிழ் தெரியாத அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு உடம்பு கூசியது. செண்பகம் செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தேன்.

“வந்துட்டீங்களா? காபி குடிக்கிறீங்களா?” என்றாள். ஏழுமலையின் மனைவி பேசுகிற மாதிரியே, ஒரு பிசிறு இல்லை.

“ஏட்டி, நம்ம பேச்சுல கேளேன்.”

“எதுக்குங்க? நாலு பேரு சிரிப்பாங்க” என்று சொல்லி டம்ளரை நீட்டினாள்.

இப்போதெல்லாம் வீட்டில் நான் திருநெல்வேலியில் கேட்கிறேன். அவள் பெங்களூரில் பதில் சொல்கிறாள்.