வயிற்றுக்குள் நாற்காலி

ராஜபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியனாக இருந்தபோது எனக்குத் தீராத வயிற்றுவலி. மாரியம்மனுக்கு வெள்ளியில் ஒரு வயிறு செய்து வைப்பதாக என் தாயார் வேண்டிக்கொண்டார். வலி தீர்வதற்கு முன்பே வைத்துவிட்டால் அம்மன் கூச்சப்பட்டாவது தீர்த்துவிடுவாள் என்பது அவர் யோசனை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆசாரி இருந்தார். கண், கை, கால் என்று கேட்ட உறுப்பை வெள்ளித் தகட்டில் தட்டிக் கொடுப்பார். படமும் எழுதுவார். பட்டறைச் சுவர் முழுக்க மனித உடல்கள். ஒவ்வோர் உடலுக்குள்ளும் அந்த ஆளின் நினைப்பு. ஒருத்தி நெஞ்சுக்குள் பூட்டிய பெட்டி. ஒருவன் தலைக்குள் பக்கத்து வீட்டு எருமை.

"எங்க வலிக்குன்னு எல்லாரும் சொல்லிருவாவ. என்ன நெனப்புல வந்துச்சுன்னுதான் சொல்ல மாட்டாவ" என்றார்.

"எனக்கு ஒரு நினைப்பும் கிடையாது" என்றேன். பிறகு அவர் தகடு தட்டி முடிக்கும்வரை எங்கள் தலைமை ஆசிரியரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். இருமுகிறார், கண் தெரியவில்லை, உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஒரு கை ஒடிந்துவிட்டது, அப்படியும் எழுந்திருக்க மனம் வரவில்லை என்று.

துணியில் சுற்றிக் கொடுத்ததைப் பிரித்துப் பார்க்காமல் தாயாரிடம் கொடுத்தேன். உள்ளே ஏதோ இருப்பதைக் குடல் என்று நினைத்து அவர் அம்மன் முன்னால் கட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் கோயிலில் நின்றபோது தலைமை ஆசிரியர் வந்தார். தகட்டருகே குனிந்தார். கண் தெரியாதவர் என்று நான் சொன்னது பொய் என்று அப்போதே தெரிந்தது.

"இது நம்ம பள்ளிக்கூடத்து நாற்காலியில்லா? ஒரு கை இல்லாம இருக்கே! யாரு வயித்துக்குள்ள கெடக்கு?"

"எம் மவன் வயிறுதான் ஐயா" என்றார் தாயார், பெருமையாக.

அப்போதுதான் நானும் பார்த்தேன். நாற்காலியின் நாலு காலும் வயிற்றுச் சுவரில் குத்தி நின்றன.

"அந்த ஆசாரி வெள்ளியில ஈயம் கலக்கிறவர் சார். அவர் எதைத்தான் செய்ய மாட்டார்?" என்றேன்.

இப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. அந்த நிமிஷத்தில் நானே உண்டாக்கினேன். தலைமை ஆசிரியரோ வாழ்நாளில் பொய் சொல்லாதவர். நான் சொன்னதை நம்பி நாலு பேரிடம் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்ததால் இரண்டு ஊரும் நம்பின. அம்மனுக்கு ஈயம் வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஆசாரி பட்டறையை மூடிக்கொண்டு வத்திராயிருப்புக்குப் போய்விட்டார். உரைகல்லில் ஒரு தரம் தேய்த்தால் உண்மை தெரிந்திருக்கும். தேய்த்துப் பாருங்கள் என்று ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றதும் நாற்காலி எனக்கு வந்தது. வயிற்றுவலி போகவில்லை.

எட்டு வருஷம் கழித்து, தாங்க முடியாமல் வத்திராயிருப்புக்குப் போனேன். ஆசாரி நசுங்கிய செம்பு ஒன்றைத் தட்டி ஒடுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சுத்தியல் நின்றது.

"நீங்களா? நான் எந் தங்கச்சி மாப்பிள்ளைன்னுல்லா நெனச்சேன்! ராஜபாளையத்துல அவரும் தகடுதான் தட்டுதாரு. தொழில் பொறாமையில சொல்லிட்டாருன்னு எட்டு வருசமா அவிய வாசல மிதிக்கல. மருமவ காதுகுத்துக்குக்கூடப் போகல வாத்தியாரய்யா! தாய்மாமன் இருக்கும்போதே பிள்ளைய எவன் மடியிலயோ வச்சுக் குத்துனாவ."

நான் மன்னிப்புக் கேட்டு அவர் காலில் விழப் போனேன்.

"அது பொறவு. மொதல்ல வண்டியில ஏறுங்க."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரும் ஏறினார். வண்டி ராஜபாளையம் பாதையில் திரும்பியது. மன்னித்தாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் அந்த யோசனையிலேயே இல்லை.

"எங்க, அங்க போயி என்ன சொல்லப் போறீய? சொல்லிக் காட்டுங்க."

சொன்னேன்.

"வயித்துவலிக் கதையெல்லாம் எதுக்கு? ஈயம்னு நாந்தான் புளுகுனேன்னு எடுத்த எடுப்புலயே சொல்லுங்க."

மறுபடி சொன்னேன். வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"இன்னும் சத்தமா" என்றார் ஆசாரி. "எந் தங்கச்சிக்குக் காது மந்தம்."