கைக்குக் கிடைத்த சலுகை

வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு ஆர்டர் பிடிப்பவராக என் தந்தையார் ஊர் ஊராகப் பயணம் செய்துவந்தார். அதற்கு முன்பு அதே கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். அங்கே பற்றிய தீயில் அவருடைய வலக்கை விரல்கள் கருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. அந்தத் தீ எந்த அதிகாரியின் காதுக்கும் எட்டவில்லை. முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பாமல், ஆர்டர் புத்தகத்தைக் கொடுத்து ரயிலேற்றினார். அதைப் பெருந்தன்மை என்றே எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டோம்.

ஊனமுற்றோருக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. தந்தையார் சலுகைச் சீட்டில் போய்வருவார். கம்பெனியில் முழுக் கட்டணம் எழுதி வாங்குவார். அவருக்கே அதில் உறுத்தல் இருந்தது. தாயாருக்கு இல்லை.

"சலுகைய ஒங்க கைக்குத்தானே குடுத்தாக? மொதலாளி கைக்கா குடுத்தாக?"

"மெல்லப் பேசு. தெரிஞ்சா வேலை போயிரும்."

அந்த வார்த்தை எனக்குள் இறங்கித் தங்கிவிட்டது.

ஒரு கோடை விடுமுறையில், திருச்சி அத்தை வீட்டில் விடுவதற்காகத் தந்தையார் என்னையும் அழைத்துச் சென்றார். விருதுநகரில் ரயில் நகரும் தறுவாயில் எங்கள் பெட்டியில் ஏறியவர் முதலாளி! முதல் வகுப்புக்கு வசதியிருந்தும் இரண்டாம் வகுப்பில் முறுக்குப் பொட்டலத்தோடு போகிற சிக்கனம் அவருடையது. எங்களுக்கு எதிரிலேயே அமர்ந்தார்.

"ஏலே, திருச்சி லைனா? வெறுங்கையோட வராத" என்று தந்தையாரிடம் சொன்னவர் என் பக்கம் திரும்பினார். "என்ன தாயி, அப்பாவுக்குப் போட்டியா நீயும் ஆர்டர் பிடிக்கக் கெளம்பிட்டியா?"

முறுக்கை நீட்டினார். வாங்கினேன், கடிக்க முடியவில்லை.

மதுரையைத் தாண்டியதும் பரிசோதகர் வந்தார். தந்தையார் சீட்டை உள்ளங்கைக்குள் மறைத்தே நீட்டினார். பரிசோதகருக்கோ உரத்த குரல்.

"சலுகை டிக்கெட்டா? எங்க, கையக் காட்டுங்க."

வேலை போயிற்று என்று முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். தந்தையார் வலக்கையை மூடியிருந்த துண்டை விலக்கிக் காட்டினார்.

"எப்படி ஆச்சு?"

தந்தையார் ஒரு கணம் முதலாளியைப் பார்த்தார். பின்பு சொன்னார்: "வீட்ல ஸ்டவ் வெடிச்சிருச்சுங்க."

எங்கள் வீட்டில் இருந்தது விறகடுப்பு. பொய்யும் சேர்ந்துகொண்டது, இனி முதலாளியே உண்மையை எடுத்துச் சொல்வார், அடுத்த நிலையத்தில் எங்களைப் போலீசில் பிடித்துக் கொடுப்பார்கள் என்று பயந்து தந்தையாரின் வேட்டியைப் பற்றிக்கொண்டேன். ஆனால் முதலாளி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. வெயில் என்று நினைத்தேன்.

திண்டுக்கல்லில் இறங்கும்போது முதலாளி தணிந்த குரலில் சொன்னார்:

"எப்பவும் போல முழு டிக்கெட்டே எழுதிக்கோங்க. ஆபீசுல நான் சொல்லிக்கிடுறேன்."

முதன்முறையாகத் தந்தையாருக்கு மரியாதை கொடுத்துப் பேசினார். எனக்குப் போன உயிர் திரும்பியது. தந்தையார் முகத்தில் மட்டும் தெளிவில்லை.

அதற்குப் பின் அவர் சலுகைச் சீட்டே வாங்கவில்லை. முழுக் கட்டணம் கொடுத்தே பயணம் செய்தார். தாயாருக்குப் பொறுக்கவில்லை.

"மொதலாளியே சரின்னுட்டாக. ஒங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"முன்ன அது எங் கைக்குக் கெடச்சது. இப்ப அந்த ஸ்டவ்வுக்குல்ல குடுக்காரு."

நம் வீட்டில்தான் ஸ்டவ்வே இல்லையே என்று நான் குறுக்கிட்டேன். தாயார் அடுப்புக்குள் விறகைத் தள்ளினார். இல்லாத ஒன்றுக்கு ஒருவர் ஏன் பணம் தரவேண்டும் என்று வெகுநாள் குழம்பிக்கொண்டிருந்தேன்.