அக்கா மகள் ஊதாத விசில்

அது ஹேண்ட்பால்தான். நாலு வருடமாகச் சொல்கிறேன், சாகிறவரை சொல்வேன். எங்கள் லேத் பட்டறை கால்பந்து அணிக்கு அது இறுதி ஆட்டம். முடிய இரண்டு நிமிடம். எதிரணிக்காரன் கையில் பட்ட பந்து எங்கள் வலைக்குள் போனது. நடுவர் விசில் ஊதவில்லை. கோப்பை போச்சு. அந்த நடுவர் வேறு யாருமில்லை, என் சொந்த அக்கா மகள்.

அப்போது அவளுக்கு இருபது வயது. செருப்புக் கடையில் வேலை. ஞாயிறானால் கறுப்புச் சட்டை, கழுத்தில் விசில். தடிமாடு மாதிரி இருக்கிறவனெல்லாம் அவள் ஒரு பார்வை பார்த்தால் அடங்கிவிடுவான். நான் அடங்கவில்லை. இரண்டு மாதம் அவளோடு பேசவே இல்லை.

அந்த இரண்டு மாதமும் அவள் வாயெல்லாம் புண். உதடு உரிந்து, தண்ணீர் குடித்தாலே கண் கலங்கியது. சத்து மாத்திரை, பல் டாக்டர் என்று அலைந்தார்கள். கடைசியில் ஒரு தோல் டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கிறுக்கனா இந்த ஆள் என்று நினைத்தேன். கிறுக்கன் நான்தான். சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் நிணநீர்க் கட்டி, எலுமிச்சை அளவு. எங்கோ ஒருவருக்கு வருகிற வகையாம்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"சேம் சைடு கோல் மாமா," என்றாள், உதடு அசையாமல். "கட்டி இருக்கிறதால என் உடம்பே என் தோல அடிக்குதாம்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "அப்போ அன்னிக்குப் புண்ணாலதான் ஊத முடியலையா? விடும்மா, மன்னிச்சிட்டேன்."

"யாரு மன்னிப்புக் கேட்டா? ஊதணும்னா ரத்தம் வந்தாலும் ஊதியிருப்பேன். பந்து தோள்ல பட்டுச்சு."

"கையில!"

"தோள்ல!"

நர்ஸ் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். புண் ஆற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஆனால் அந்த அடி நுரையீரலிலும் விழுந்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். போன மாதம்தான் டாக்டர், கெட்டது கெட்டதுதான், இனி அதிகமாகாது, மெதுவாக ஓடிப் பார்க்கலாம் என்றார். மறுபடி நடுவராக முடியுமா என்பது மட்டும் அவருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பந்தும் விசிலுமாகக் காலி மைதானத்துக்கு என்னை இழுத்துப் போனாள்.

"அந்தக் கோல் போஸ்ட்ல போய் நில்லுங்க. விசில் கேட்டா மட்டும் கையத் தூக்குங்க. பாவம் பாத்துத் தூக்குனீங்க, அப்புறம் மாமான்னு கூப்பிட மாட்டேன்."

நின்றேன். மறுமுனையிலிருந்து முதல் தடவை ஊதியபோது அவள் தோள் ஏறி இறங்கியது தெரிந்தது, சத்தம் வரவில்லை. கை துடித்தது. தூக்கவில்லை. அவள் குனிந்து, முழங்காலைப் பிடித்து, நிமிர்ந்து, மறுபடி ஊதினாள்.

காதைக் கிழித்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றேன்.

அவள் பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு மெல்ல ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. வந்ததும் பந்தை என் தோள்மேல் எறிந்தாள்.

"எங்க பட்டுச்சு? இப்பவாவது உண்மையச் சொல்லுங்க மாமா."