டயானாவின் மானுக்கு வந்த சிலுவை

ஷ்டைன்ஷோனாவில் கண்ணாடிக் கோப்பையில் மான் செதுக்க என் தாய்மாமன் ஆம்ப்ரோஸை விட்டால் ஆள் இல்லை. உறவுக்காகச் சொல்லவில்லை; போஹீமியாவின் வேட்டைக்காரர் வீடுகளில் போய்ப் பாருங்கள். வேட்டைக்காரர்களின் காவலரான புனித ஹூபர்ட்டுக்குக் காட்சி தந்த மான், கொம்புகளுக்கு நடுவே சிலுவையோடு, கோப்பை கோப்பையாக நிற்கும். அத்தனையும் மாமன் கைவேலை.

அந்த இலையுதிர்காலத்தில் வியாபாரி டிராக்ஸ்லர் வெள்ளைக் கண்ணாடி மேல் மெல்லிய சிவப்புக் கண்ணாடி போர்த்திய கோப்பை ஒன்றையும் ஒரு படத்தாளையும் கொண்டுவந்தார். படத்தில் ரோமப் புராணத்து டயானா தேவி குளிக்கிறாள். அவளைப் பார்த்துவிட்ட வேட்டைக்காரன் அவள் சாபத்தால் மானாகி ஓடுகிறான். அவனுடைய நாய்களே அவனைத் துரத்துகின்றன.

“இது நல்லா வந்தா இனி இந்த மாதிரி புராண உருவ வேலையெல்லாம் உனக்குத்தான் ஆம்ப்ரோஸ். கெட்டுச்சுன்னா, பழையபடி புட்டி மூடி தேய்க்கப் போ.”

மூடி தேய்த்த காலத்தில் மாமனின் விரல்கள் வெடித்து ரத்தம் கசியும். அவர் தாளை வாங்கிக்கொண்டார்.

டயானா அழகாக வந்தாள். அப்போலோனியா அத்தை எட்டிப் பார்த்தாள்.

“இவ முதுகை மட்டும் என்னமா இழைச்சிருக்கீங்க! என் முதுகு வலிக்குதுன்னா ஒருநாள் தேய்ச்சு விட்டதுண்டா?”

பிறகு மான். சுழலும் செம்புச் சக்கரத்துக்கு அடியில் கோப்பையைப் பிடித்துச் செதுக்கும்போது எண்ணெயும், கண்ணாடியை அரிக்கும் குருந்தக்கல் பொடியும் வெட்டை மூடிவிடும். கை பழக்கத்தில்தான் போகும். மாமன் துடைத்துப் பார்த்தார். கொம்புகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு சிலுவை.

“ஐயோ, அப்போலோனியா!”

“என்னங்க, விரல் போயிடுச்சா?”

“விரல் போயிருந்தாக்கூடத் தேவலடி. பொய்ச்சாமி மானுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டேன்!”

கண்ணாடியில் வெட்டியதை அழிக்க முடியாது. அத்தை கோப்பையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“காட்டுல உயிரைக் கையில பிடிச்சு ஓடுற மான்தானே? கொம்புல ஒரு கிளை மாட்டாதா?”

எங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாக பிராகிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். மாமன் என் பக்கம் திரும்பினார்.

“படிச்சவனே, கதையில ஓக் இலை வரலாமா?”

“வரக் கூடாதுன்னு எவனும் எழுதி வைக்கல மாமா.”

சிலுவையின் கைகள் சுள்ளிகளாயின. சுள்ளிகளில் இலைகள் தொங்கின.

டிராக்ஸ்லர் வந்து கோப்பையை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தார், தாளோடு ஒப்பிட்டார். மாமனின் கால், வார் கழற்றிவைத்த சக்கரத்தின் மிதியை அழுத்திக்கொண்டே இருந்தது.

“இந்தக் கிளை படத்துல இல்லையே?”

“நாய் துரத்துறப்ப மான் புதரைச் சுத்திக்கிட்டா போகும், ஐயா?” என்றாள் அத்தை.

டிராக்ஸ்லர் குலுங்கிச் சிரித்தார். “அதானே! ஓட்டம் அப்படியே தெரியுது. அடுத்தது காளை மேல போற இளவரசி யூரோப்பா. அதுவும் நீயே பண்ணு.”

அவர் படியிறங்கியதும் மாமன் முக்காலியைச் சாப்பாட்டு மேசைக்கு இழுத்துப் போட்டார். அத்தை சிரித்துக்கொண்டே உருளைக்கிழங்கு சூப்பை ஊற்றினாள். ஒரு கரண்டி உள்ளே போனதும் மாமன் மெல்லக் கேட்டார்:

“ஏன்டா, காளையோட இருக்கிற புனிதர் யாராவது உண்டா?”

“லூக்கா இருக்காரே மாமா. படத்துல அவர் பக்கத்துல நிக்கிற காளைக்கு இறக்கை உண்டு. கை பழக்கத்துல போயிடாம பார்த்துக்குங்க.”