மதியத்தில் குறைந்த சாமை

கரியாலூரில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து, சாமையை உமி நீக்கி அரிசியாக்கும் சிறிய மில் ஒன்று நடத்துகிறோம். இயந்திரத்திலிருந்து விழும் அரிசியை இரண்டு பெண்கள் உட்கார்ந்து சலிப்பார்கள். காலையில் மூட்டைகள் மளமளவென்று நிரம்பும். மதியத்துக்கு மேல் அதில் பாதிகூடத் தேறாது.

“சோறு துன்னா தூக்கம் வருது அண்ணி. வேற இன்னா?” என்றாள் நாத்தனார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தப் பெண்கள் கண்ணசந்து நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் அவர்களில் ஒருத்தி வராததால், மதியம் அவள் இடத்தில் நானே சல்லடையோடு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மலைக்காற்று திசை மாறி மேற்கு வாசல் வழியாக அடித்தது. வெளியே குவிந்திருந்த உமி பறந்து வந்து முகத்தில் அப்பியது. பக்கத்திலிருந்தவள் சல்லடையைக் கீழே வைத்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். காற்று அடங்கியதும் சலித்தோம். மறுபடியும் அடித்தது.

“தெனமும் இப்படியா? ஏன் சொல்லல?”

“காத்துன்னா அடிக்கத்தான் செய்யும். உங்ககிட்ட சொன்னா அது நின்னுடுமாங்க?” என்று சிரித்தாள். எனக்கும் இருமலோடு சிரிப்பு வந்தது.

மறுநாள் சலிக்கும் இடத்தைக் கிழக்குச் சுவரோரம் மாற்றினோம். மேற்கு வாசலில் தார்ப்பாய் கட்டினோம். மாலையில் மூட்டைகளைப் பார்த்த நாத்தனார், “காலைலவிட ஜாஸ்தி அண்ணி!” என்று கத்தினாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படியானால் காலையில் எது எங்களைத் தடுக்கிறது? அதைத் தெரிந்துகொள்ள, அடுத்த நாள் விடிந்ததும் சல்லடையோடு போய் உட்கார்ந்துவிட்டேன்.