உபவாச நாளில் எரிந்த அடுப்புகள்

எங்கள் தெருவுக்கு மனைப்பட்டா கிடைத்தது உபதேசியார் கூட்டிய உபவாச ஜெபத்தினால்தான் என்று சபையின் ஆண்டு விழா மலரில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு பிரதி என் கைக்கு வந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். அப்படித்தான் இருந்தது. கால் பக்கத்துக்கு உபதேசியாரின் படம். என் அத்தையின் பெயர் மருந்துக்குக்கூட இல்லை. வந்த ஆத்திரத்தில் அதைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன். இப்போது என் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு. கோபப்பட எனக்கு யோக்கியதை உண்டா என்பது வேறு விஷயம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கீழ்வேளூருக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டி இருந்தது எங்கள் தெரு. பதினேழு கூரை வீடுகள். பதினேழும் பண்ணையாரின் நிலத்தில். பண்ணை வேலை செய்கிறவரைக்கும் வீடு நம்முடையது. எதிர்த்துப் பேசினால் கூரையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கூலி நெல்லுக்காக ஊருக்கு ஊர் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பக்கத்துத் தெருக்களிலெல்லாம் சங்கத்தின் செங்கொடி ஏறியது. எங்கள் தெருவில் ஏறவில்லை, உபதேசியார் ஏற்றவிடவில்லை. அதனால் பண்ணையாருக்கு எங்கள்மேல் தனிப் பிரியம் என்று பெரியவர்கள் நம்பினார்கள். பிரியமாம்!

இதற்கு நடுவில்தான் சென்னையில் இருந்த புது ஆட்சி ஒரு சட்டம் போட்டது. பண்ணை நிலத்தில் குடிசை கட்டி யார் குடியிருக்கிறார்களோ அந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்றது சட்டம். உடனே பண்ணையாரின் காரியஸ்தர் தாலுகா ஆபீசில் ஒரு மனு கொடுத்தார். அங்கே யாரும் குடியில்லை, நடவுக்கும் அறுப்புக்கும் வருகிற வெளியூர் ஆட்கள் தங்கிப் போகிற கொட்டகைகள் அவை என்று. பிரியத்தின் லட்சணம் இவ்வளவுதான். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்த்து எழுதுவார் என்று தகவல் வந்தது. அவர் 'குடி இருக்கிறது' என்று எழுதினால் வீடு, 'இல்லை' என்று எழுதினால் நடுத்தெரு.

உபதேசியார் என்ன செய்தார் தெரியுமா? அதே வெள்ளிக்கிழமை எல்லாரும் உபவாசம் என்று அறிவித்தார். விடிந்ததும் பதினேழு வீட்டாரும் ஒன்றரை மைல் தள்ளியிருந்த கோயிலுக்கு வந்துவிட வேண்டும், பொழுது சாயும்வரை ஜெபம், எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டக் கூடாது. இதைக் கேள்விப்பட்டு காரியஸ்தரே கோயில் வாசலுக்கு வந்து, நல்ல காரியம், ஒருத்தர் விடாமல் அழைத்துக்கொண்டு போங்கள் என்று வாயார வாழ்த்திவிட்டுப் போனார். அவர் ஏன் வாழ்த்தினார் என்று பெரிய மனிதர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தைக்குத் தோன்றியது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. இருபது வயதில் தாலி அறுத்தவள். எங்களோடுதான் இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. நடவுக்குப் போன இடத்தில் அவளுக்கு ஒரு சிநேகிதி உண்டு. நாலு மைல் தள்ளி ஒரு தெருவில் இருந்தவள், சங்கத்துக்காரி. அவள் தெருவில் இதே விசாரணை முன்பே நடந்து முடிந்திருந்தது. அத்தை ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு நடந்தே போய் அவளிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள். வருகிறவர் ஆளைப் பார்த்து நம்பமாட்டார், ஏனென்றால் ஆளை எங்கிருந்தும் கொண்டுவந்து நிறுத்தலாம். நேராக உள்ளே போய் அடுப்பில் கை வைத்துப் பார்ப்பார். எரிந்தால் குடி, சாம்பல் ஆறிப்போயிருந்தால் காலி வீடு. அவர்கள் தெருவில் முதல் தடவை வெளியூர் வேலைக்குப் போய்விட்டு ஆறு வீட்டார் இப்படித்தான் கோட்டை விட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அத்தை இதைச் சபை நடுவில் எடுத்துச் சொன்னாள். உபவாசத்தை வியாழக்கிழமைக்கு மாற்றிவிடலாம் என்பதுதான் அவள் கேட்டது. உபதேசியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "கடவுளே இல்லேங்கிற வாயிலேருந்தா நமக்கு யோசன வரணும்?" என்றார்.

"அவ அந்த வழியில போயிட்டு வந்தவ ஐயா. நான் அவகிட்ட வழிதானே கேட்டேன், ஞானஸ்நானமா கேட்டேன்?" என்றாள் அத்தை.

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு இரண்டு வருஷம் முதல் பரிசு வாங்கியவள். உபதேசியார் பேசினால் வானத்திலிருந்தே பேசுகிற மாதிரி இருக்கும் எனக்கு. அவரை எதிர்த்து ஒரு வார்த்தை, அதுவும் எங்கள் வீட்டிலிருந்து! அந்த வெள்ளிக்கிழமை என் வாழ்க்கையின் முதல் முழு நாள் உபவாசத்தை இருந்து காட்டி, குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அத்தை வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். அப்பா நம்பவில்லை. தெருவே வரிசையாகக் கிளம்பிப் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வூட்லயே இரு. அத்த அடுப்பு மூட்டாம பாத்துக்க" என்றார். அம்மாகூடப் போக முடியவில்லையே என்று முதலில் அழுகை வந்தது. பிறகு, காவல் வேலை என்பதால் ஒரு பெருமையும் வந்தது.

வரப்பில் கடைசித் தலை மறைந்ததும் அத்தைக்கு வயிற்றுவலி போய்விட்டது. எழுந்து, எங்கள் அடுப்பை மூட்டினாள். பானையில் தண்ணீர் வைத்து ஒரு பிடி அரிசி போட்டாள். எரிகிற வறட்டித் துண்டுகளை ஓட்டுச் சட்டியில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தட்டியைத் தள்ளி உள்ளே போனாள். பிறகு அதற்கு அடுத்த வீடு. முதல் நாளே ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் மட்டையும் சுள்ளியும் பொறுக்கி வைத்திருக்கிறாள், படுபாவி, என்று அப்போது நினைத்தேன். எங்கள் வீட்டு அரிசி நாலாவது வீட்டோடு தீர்ந்துவிட்டது. மற்ற பானைகளில் வெறும் தண்ணீர்தான் கொதித்தது. அவள் உதடுகள் விடாமல் அசைந்துகொண்டே இருந்தன. ஜெபம் செய்துகொண்டேதான் ஊதினாள். அதுவும் எனக்கு நடிப்பாகத்தான் பட்டது.

"அத்த, இது பாவம். நீ பொய் சொல்ற" என்று பின்னாலேயே போய்க் கத்தினேன்.

"எதுடி பொய்? நேத்து எரிஞ்ச அடுப்பு. நாளைக்கும் எரியப்போற அடுப்பு. இன்னிக்கு ஒரு நாளு ஆறிக் கெடந்தா நாம இங்க குடியில்லன்னு ஆயிடுமா? தள்ளு, கண்ணுல பொக படப்போவுது."

அவள் பதினைந்தாவது வீட்டுக்குள் போனபோது நான் வீட்டுக்குத் திரும்பி ஓடினேன். அப்பாவிடம் போய்ச் சொல்ல ஒன்றரை மைல் ஓட வேண்டும். அதற்குள் கர்த்தர் கோபித்துக்கொண்டால்? பானைத் தண்ணீரைச் செம்பில் மொண்டு மொண்டு எங்கள் அடுப்பில் ஊற்றினேன். புஸ்ஸென்று சாம்பல் பறந்து பாவாடையெல்லாம் நனைந்தது. பக்கத்து வீட்டிலும் போய் ஊற்றினேன். அது ஒரு அண்ணியின் வீடு. அப்போது ஏழு மாதம், அந்த வயிற்றோடு அவளும் கோயிலுக்குப் போயிருந்தாள். தெருவே கோயிலில் முழங்கால் போட்டிருந்த அந்த நாளில், கையைக் காலை அசைத்து ஒரு காரியம் செய்தவர்கள் இரண்டே பேர்தான், அத்தையும் நானும். மூன்றாவது வீட்டுக்குச் செம்பைத் தூக்கியபோது சைக்கிள் மணி கேட்டது. பயந்து போய், கடைசி வீட்டு அடுப்பையும் மூட்டிவிட்டு வெளியே வந்த அத்தையிடம் ஓடினேன்.

இன்ஸ்பெக்டர் மெலிந்த மனிதர். வெயிலில் களைத்துப் போயிருந்தார். கூட வந்த காரியஸ்தர் புது வேட்டி கட்டியிருந்தார். ஆட்கள் எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கோயிலுக்குப் போயிருக்கிறார்கள், பொழுது சாய வந்துவிடுவார்கள் என்றாள் அத்தை. காரியஸ்தர் சிரித்தார். பிறகு சிநேகிதி சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது. இன்ஸ்பெக்டர் தெருக் கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாகக் குனிந்து உள்ளே போனார், அடுப்பின்மேல் கையை நீட்டினார், வெளியே வந்து எழுதினார். ஒரு வீடு, இரண்டு வீடு, பதினைந்து வீடு. காரியஸ்தரின் சிரிப்பு வீட்டுக்கு வீடு குறைந்துகொண்டே வந்தது.

பதினாறாவது வீட்டில் ஈரச் சாம்பல். பதினேழாவது எங்கள் வீடு. அங்கேயும் ஈரச் சாம்பல். காரியஸ்தருக்கு உயிர் வந்துவிட்டது. "பாத்தீங்களா சார், இதான் ஆள் இல்லாத வீடு" என்றார்.

"இது என் வூடு சார். நான் இங்கதான் இருக்கேன்" என்றாள் அத்தை.

"அப்ப அடுப்பு ஏம்மா இப்பிடி இருக்கு?"

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். என் பாவாடையில் சாம்பல் கரைசல் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர் என்னைக் கேட்டிருப்பார், நான் உண்மை பேசுகிற பிள்ளை, பதினேழு அடுப்பையும் அத்தைதான் மூட்டினாள் என்று சொல்லியிருப்பேன், பதினைந்து வீடும் அங்கேயே போயிருக்கும். இதெல்லாம் இன்றைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அவள் ஒரு நொடியில் போட்டுவிட்டாள். எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்று, "என் கவனக்கொறவுங்க, பொங்கி ஊத்திடுச்சி" என்றாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரியா என்று கேட்டுவிட்டு அவர் எழுதிக்கொண்டு போனார்.

பதினைந்து வீட்டுக்குப் பட்டா வந்தது. பக்கத்து வீட்டு அண்ணியை, அவளுக்குப் பிரசவம் முடிந்த கையோடு, அத்தை தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போனாள். யாரிடம் எப்படி மனு கொடுப்பது என்று சிநேகிதி சொல்லிக்கொடுத்தபடி நாலு முறை நடந்து, மறு விசாரணை வைத்து, அந்தப் பட்டாவையும் வாங்கிக் கொடுத்தாள். எங்கள் வீட்டு மனு அப்பா பெயரில் போக வேண்டும். அவர் கைநாட்டு வைக்கமாட்டேன் என்றுவிட்டார். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார். அடுத்த கோடையில் காரியஸ்தர்தான் பார்த்துக்கொண்டார். கூரையைப் பிரித்து எடுத்துக்கொண்டு நாங்கள் வாய்க்கால் கரைப் புறம்போக்குக்குப் போனோம். அக்காவால் வீடு போயிற்று என்று சாகும்வரை அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் அடுப்பிலிருந்து எடுத்த நெருப்பில்தான் மற்ற வீடுகள் தப்பின என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாகி, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உண்மை பேசச் சொல்லிக்கொடுத்து ரிட்டயர்டும் ஆகிவிட்டேன். உபதேசியார்மேல் பாய்கிறேனே, என்னை என்ன செய்வது?

விசாரணைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையைச் சபை முன்னால் நிறுத்தினார்கள். உபவாச நாளில் அடுப்பு மூட்டியவள். மற்றவர்களுக்கெல்லாம் இரங்கிய கர்த்தர் அவள் வீட்டு அடுப்பையும் அதை ஒட்டிய அடுப்பையும் எப்படி அணைத்தார் பார்த்தீர்களா என்று உபதேசியார் கேட்டார். அணைத்தது யார் என்று அத்தை அப்போதாவது சொல்லியிருக்கலாம். அங்கே இன்ஸ்பெக்டர் இல்லை, காரியஸ்தர் இல்லை, கெட்டுப்போக ஒரு காரியமும் மிச்சம் இல்லை. ஆமாங்க ஐயா என்று மட்டும் சொன்னாள். ஆறு மாதம் நற்கருணை கிடையாது என்று தீர்ப்பாயிற்று. அவள் எழுந்து கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து நான் ஒரே ஒரு ஜெபத்தைத்தான் விடாமல் செய்துகொண்டிருந்தேன், அத்தை என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று. கர்த்தர் அவள் வாயைக் கட்டிப்போட்டுவிட்டார் என்றே நினைத்தேன். சாட்சி சொல்கிற நேரம் வந்ததும் எழுந்து நின்று, என் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார், அவருக்கு ஸ்தோத்திரம் என்று கணீரென்று சொன்னேன். என்ன ஜெபம் என்று உபதேசியார் கேட்கவில்லை. சபையில் முதல் ஆமென் கடைசி வரிசையிலிருந்து வந்தது.