மோட்டார் ரூமில் பதினான்கு நாள்

என் வீட்டுக்காரர் அலெக்ஸுக்குச் சொகுசுக் கப்பலில் வேலை என்றதும் எங்கள் ஊர் ஆவூரில் பாதிப் பேர் அவர் கப்பல் ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறார் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டுமில்லை. யார் யாரோ படுத்து எழுந்த கட்டிலுக்கு விரிப்பு மாற்றி, குளியலறையைக் கழுவி, துண்டை யானை மாதிரியும் அன்னம் மாதிரியும் மடித்து வைக்கிற வேலை. ஒரு நாளைக்கு இருபது அறை. அதே மனுசன் வீட்டுக்கு வந்தால் அவிழ்த்த கைலியை எடுத்துக் கொடியில் போட மாட்டார். கேட்டால் லீவில் வந்திருக்கிறேன் என்பார். ஒன்பது மாதம் கடல், இரண்டு மூன்று மாதம் வீடு. பன்னிரண்டு வருசமாக எங்கள் குடித்தனம் இப்படித்தான் ஓடியது.

கொரோனா வந்து அதை நிறுத்தியது. பயணிகளையெல்லாம் இறக்கிவிட்டு, வேலைக்காரர்களை மட்டும் எந்தத் துறைமுகமும் சேர்க்காமல் மூன்று மாதம் நடுக்கடலில் வைத்திருந்தார்கள். இரண்டாயிரத்து இருபது ஜூலையில் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். வந்தவருக்கு அடுத்த ஒரு வருசத்துக்கு மேல் வேலை கிடையாது. பெயின்ட் அடிக்கப் போனார், முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கினார், கடைசியில் நூறு நாள் வேலைக்கு என்னோடு வந்தார். கப்பல்காரரும் மம்பட்டி பிடிக்கிறாரே என்று ஒருத்தி சொன்னாள். இவரும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

எங்கள் மகள் ஸ்வீட்டி திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் மூன்றாம் வருசம். படிப்பை நிறுத்திவிட்டு ஏதாவது கிளினிக்கில் சேர்ந்துகொள்ளட்டுமா என்று அவள் போனில் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே வேண்டுதல்தான். இந்த மனுசன் மறுபடி கப்பல் ஏற வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

அடுத்த வருசம் அக்டோபரில் சென்னை ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டார்கள். பார்சிலோனாவில் ஏற வேண்டும், ஒன்பது மாத ஒப்பந்தம். அவர்கள் அனுப்பிய நிபந்தனைகளைப் பார்த்தால் சம்பந்தி வீட்டுக்காரர்கள் தோற்றுப்போவார்கள். இரண்டு ஊசி போட்ட சான்றிதழில் பாஸ்போர்ட் நம்பர் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் பதினான்கு நாள் யாரோடும் சேராமல் தனியாக இருக்க வேண்டும். காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து போட்டோ அனுப்ப வேண்டும். எந்த நேரமும் வீடியோவில் கூப்பிடுவார்கள். கடைசி மூன்று நாளுக்குள் மூக்கில் குச்சி விட்டுச் சோதனை. இடையில் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் சீட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள் சார் என்று அந்த ஏஜென்சிப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஊருக்கு வெளியே எங்கள் கிணற்றடியில் மோட்டார் ரூம் இருக்கிறது. அதைக் கூட்டிக் கழுவி, எலி வங்கைச் சிமெண்டு வைத்து அடைத்து, கட்டிலைப் போட்டு அவரை அங்கே குடிவைத்தேன். நான் சாப்பாட்டுத் தூக்கைத் துவைக்கிற கல்லில் வைத்துவிட்டு இருபது எட்டு பின்னால் வந்து நிற்பேன். அப்புறம்தான் அவர் வெளியே வருவார். பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்பதை அங்கிருந்தே கத்துவார், நான் இங்கிருந்தே கத்துவேன். பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், தலைக்கு எண்ணெய். காட்டில் மாடு மேய்க்கிறவர்கள் எல்லாருக்கும் எங்கள் பெட்டியில் இருப்பது மனப்பாடம். யாராவது வரப்பில் ஏறி அவரோடு பேச வந்தால் நான் விரட்டிவிடுவேன். காவல் நாய் கெட்டது போங்கள், அப்படிக் காத்தேன்.

இரண்டாம் நாளே சோதனை வந்துவிட்டது. குன்றாண்டார்கோவில் பக்கம் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் சந்தனமேரி போன் பண்ணினாள். அவள் மகள் பிளெஸ்ஸி வயசுக்கு வந்துவிட்டாளாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை சடங்கு. எங்கள் பக்கம் ஞானஸ்நானம் வாங்கினவர்களாக இருந்தாலும் தாய்மாமன் சீர் வராமல் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். இவர் ஒருவர்தான் மாமன். அண்ணனை எப்படியாவது அனுப்பிவையுங்கள் மதினி என்று அழுதாள்.

இவரிடம் போனில் சொன்னேன்.

"அவளுக்கு அண்ணன்னு நா ஒருத்தன்தான் ஜெயா. தள்ளி நின்னு சீர மட்டும் எறக்கி வச்சுட்டு வந்துர்றேன்."

"தள்ளி நிக்க விடுவாங்களா ஒங்க சனம்? கட்டிப்புடிச்சு அழுது மூக்கச் சிந்தாம அனுப்ப மாட்டாங்க. நீங்க அங்கயே கெடங்க. நா போறேன்."

சடங்கைத் தள்ளிப்போடு என்று சந்தனமேரியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்டிருப்பாள், நல்லவள்தான். ஆனால் சடங்கு தள்ளிப்போனால் மாமன் வீட்டில் வக்கில்லை என்றுதான் ஊர் பேசும். மம்பட்டி பிடித்ததற்கே அந்தப் பேச்சுப் பேசினவர்கள். அதைத் தாங்க என் வீம்பு இடம் கொடுக்கவில்லை. அவரைப் பூட்டி வைத்துவிட்டு நான் ஊர்க் கூட்டத்துக்குள் போகிறேனே, திரும்பி வந்து அவருக்குச் சோறு போடப்போவதும் நான்தானே என்று ஒரு நிமிசம் யோசித்தேனா? இல்லை. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு தட்டு வைத்தேன். பட்டுப்பாவாடை, வளையல், பூ, பழம், மாலை. முதல் தட்டில் ஆப்பிளுக்கு நடுவே போனை நிமிர்த்தி வைத்து அதில் இவரை வீடியோவில் கூப்பிட்டேன். மோட்டார் ரூமில் வெள்ளை வேட்டி சட்டையோடு தலை சீவி நின்றார் மனுசன். மேளம் முன்னால் போக, தாய்மாமன் பழத்தட்டில் உட்கார்ந்து தெருவில் வந்தார். சிரிக்காதவர்கள் இல்லை. மாலையைப் போட்டுவிடும்போது பிளெஸ்ஸி போனைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் அந்தப் போனில் சுவர்தான் தெரிந்தது.

நான் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் போனேன். தண்ணீர் ஊற்ற முதலில் நிற்க வேண்டியவள் மாமன் பொண்டாட்டி. அத்தைக்காரி முகத்தை மூடிக்கொண்டு நின்றால் படம் நல்லாவா இருக்கும் என்று வீடியோக்காரர் சொன்னார். கழற்றினேன். கழற்றியது கழற்றியதுதான். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு சாயங்காலம் வந்தேன். மாமன் வீட்டுச் சீரைப் பற்றி மூன்று ஊருக்குப் பேச்சு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சடங்கு முடிந்த மூன்றாம் நாள், அவர் பெட்டியில் வைக்க நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அருளம்மாள் அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, தெருவே மணக்கிறது, கருகப்போகிறது, அடுப்பைக் குறைக்கக் கூடாதா என்று கேட்டார். நான் சட்டியைப் பார்த்தேன். புகை வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு மணமும் இல்லை. குனிந்து சட்டிக்கு மேல் மூக்கை வைத்தேன். மண்ணெண்ணெய்க் கேனைத் திறந்து மோந்தேன். ஒன்றுமில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குக் காலையில்கூட என் கையால் இட்லி கட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

உடம்பு அனலாகச் சுட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனை செய்தால் பெயர் பதிவாகும், சுகாதாரத் துறை ஆட்கள் வருவார்கள், வீட்டில் வேறு யார் என்று கேட்பார்கள். அவ்வளவுதான், பார்சிலோனா போச்சு. நான் போகவில்லை. சரியில்லைதான், எனக்குத் தெரியும். ஊசி போடும் முகாமில் வரிசையில் நின்று அடுத்தவரைத் தள்ளி நில் என்று சத்தம் போட்டவள் நான். எனக்கு என்று வந்தபோது நியாயம் கொல்லைப்புறமாகப் போய்விட்டது.

அருளம்மாள் அக்காவிடம் மட்டும் வாசலில் நின்றபடி உண்மையைச் சொன்னேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அவர்தான் சமைத்து மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோனார். எனக்குக் கால் சுளுக்கு என்று சொல்லச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு நான் உள்ளே கிடந்தேன். வறுத்த கருவாட்டைக் குழியில் கொட்டி மூடினேன். பொடியையும் ஊறுகாயையும் அந்த அக்காவே புதிதாகச் செய்து கொடுத்தார்.

இவர் தினமும் போன் பண்ணுவார். கால் எப்படி இருக்கிறது என்பார். பரவாயில்லை என்பேன். சாப்பாடு இறங்குகிறதா, எழுந்து நடந்தால் மூச்சு வாங்குகிறதா என்று ஒருநாள் கேட்டார். கால் சுளுக்கினவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று எரிந்து விழுந்தேன். இருமல் வந்துவிடும் என்று பயந்து பாதிப் பேச்சில் போனை வைத்துவிடுவேன். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பயம். அவருக்கு வந்துவிட்டதோ என்பது அதைவிடப் பெரிய பயம். ஒவ்வொரு மாலையும் அவர் உடம்புச் சூடு எவ்வளவு என்று கேட்டு, தொண்ணூற்றெட்டு என்று அவர் சொன்ன பிறகுதான் கஞ்சியைத் தொடுவேன்.

பன்னிரண்டாம் நாள் திருச்சி லேபிலிருந்து ஆள் வந்து மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார். மறுநாள் மத்தியானம் ரிசல்ட் வந்தது. தொற்று இல்லை. முழங்கால் போட்டு அழுதேன். அழுகைக்கு நடுவே இருமினேன். சந்தோசப்படுவதா, வெட்கப்படுவதா என்றே எனக்குத் தெரியவில்லை.

கிளம்புகிற அன்று கார் வரப்பு வரைக்கும் வந்தது. அதற்குள் எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. மாஸ்க் போட்டு, முந்தானையால் சுற்றி, வயலின் இந்தக் கோடியில் வேலி ஓரமாக நின்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் கிளம்பும்போது நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புவேன். பன்னிரண்டு வருசத்தில் தவறியதில்லை. அவர் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, இந்தப் பக்கம் பார்த்துத் தலையைக் குனிந்து நின்றார். நான் நின்ற இடத்திலிருந்தே காற்றில் சிலுவை போட்டேன். ஓடிப்போய்த் தொட வேண்டும் போலிருந்தது. அவரும் ஒரு எட்டு முன்னால் வைத்தார், பிறகு நின்றுவிட்டார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

மத்தியானம் மூன்று மணிக்குத் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து போன் வந்தது.

"ஜெயா, இங்க ஒரு ஃபாரம் குடுத்திருக்காங்க. பதினாலு நாளைக்குள்ள வீட்டுல யாருக்காச்சும் காச்சல், இருமல், மணம் தெரியாமப் போறதுன்னு எதும் இருந்துச்சான்னு கேட்டிருக்காங்க. என்ன போட?"

கட்டிக்கொண்ட நாளிலிருந்து இதற்கு முன்னால் அவரிடம் நான் எதையும் மறைத்ததில்லை. அவரோ கப்பலில் பயணிகள் மறந்துவிட்டுப்போன மோதிரத்தைக்கூட ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருகிற ஆள். உண்மையைச் சொன்னால் பெட்டியோடு திரும்பி வந்துவிடுவார். ஸ்வீட்டி முகம் கண் முன்னால் வந்தது.

"இல்லைன்னு போடுங்க," என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ விமானத்துக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"அருளம்மா அக்கா சோறு கொண்டாந்த மொத நாளே எல்லாத்தையும் சொல்லிருச்சு," என்றார். "நானும் இல்லைன்னு போட்டு, கையெழுத்தும் போட்டுக் குடுத்து அரமணி நேரம் ஆச்சு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் எதற்கு என்னிடம் கேட்டீர்கள் என்று கத்தினேன். கத்தியதில் இருமல் வந்து, மறைக்க முடியாமல் வந்துகொண்டே இருந்தது. அது அடங்கும் வரைக்கும் அவர் காத்திருந்தார்.

"ஒத்தையா பொய் சொல்லிட்டுக் கப்பல் ஏற மனசு வரல ஜெயா."